பொருத்தம்

ஏழு நாள் சுரங்கம், ஏழு நாள் வீடு.
வீடு எங்கிருந்தாலும் கம்பெனிக்குக் கவலையில்லை,
பக்கத்தில் ஒரு விமான நிலையம் இருந்தால் போதும்.
பிறகு எதற்கு இந்த அந்தோஃபகாஸ்தா
என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்,
ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்துக் காட்டி.
நுனியில் கறுப்பு.
தாமிரமோ ஈயமோ வெறும் புழுதியோ,
எங்கள் வீட்டில் யாரும் அதைப்
பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நிபால்தோ எக்செல் தாளைத் திறந்தான்.
மூன்று ஊர். பத்துப் பொருத்தம்.
வாடகை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காற்று,
திருட்டு, வெயில், பஸ்,
மீன் விலை, பல் டாக்டர்,
கடைசியாக நிலநடுக்கம்.
அதில் மட்டும் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண்,
சிலேயில் பிறந்துவிட்டு யார் தப்ப முடியும்?

லா செரேனா எண்பத்தொன்று.
கொன்செப்சியோன் எழுபத்துநான்கு.
வால்திவியா அறுபத்திரண்டு, அதுவும்
மழையைப் பார்த்தும் பாராமல் விட்டதால்.

அவன் மலைமேல் இருந்த வாரத்தில்
நான் மூன்று கட்டம் சேர்த்தேன்:
ஊருக்குப் போனால் சாவியை யாரிடம் கொடுப்பது.
ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறையைக்
கையில் தருவார்களா, மேஜையில் வைப்பார்களா.
செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு
அந்தத் தெரு எப்படி இருக்கும்.
திரும்பி வந்தவன் வெகுநேரம் பார்த்தான்.
இதற்கெல்லாம் எப்படி மார்க் போடுவது, ஓர்த்தென்சியா?
அழிக்கவில்லை. மஞ்சள் நிறம் அடித்து வைத்தான்.

லா செரேனாவில் வெள்ளைச் செருப்பணிந்த பெண்
பதினான்காவது மாடிக்குக் கூட்டிப்போனாள்.
கடல் இருந்தது. நீச்சல் குளம் இருந்தது.
ரெனாத்தோ அங்கேயே பள்ளித் தோழர்களைப்
பெயரிட்டு அழைக்கத் தொடங்கிவிட்டான்.
எதிர்ப்புறம் நூற்றுக்கணக்கில் பால்கனிகள்,
எல்லாவற்றிலும் அதே நாற்காலி,
ஒன்றிலும் ஆள் இல்லை.
நல்ல ஊர். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

கொன்செப்சியோனில் கார் பழுதாகி நின்றது.
அந்த ஊரைப் பற்றி வேறெதுவும் தெரியாது.

வால்திவியாவில் இறங்கியதும் மழை.
எங்களிடம் குடை இல்லை, என்றுமே இருந்ததில்லை.
சந்தையில் ஒன்று வாங்கி
பஸ்ஸுக்குள்ளேயே விரித்தான் இவன்;
முன்சீட்டுக் கிழவரின் தொப்பி பறந்தது.
மீன் கடைகளுக்குப் பின்னால் கடற்சிங்கங்கள்
நகராட்சிக்கு வரி கட்டுபவை போலப் படுத்திருந்தன.
மாலை ஐந்துக்கு ஊர் மொத்தமும் அடுப்பு மூட்டியது,
விறகுப் புகை தெருவில் இறங்கி உட்கார்ந்தது.
காற்றுக்கு நாங்கள் கொடுத்த நான்கே அதிகம்.

மூன்றாம் நாள், உலர்ந்த துணி ஒன்றும் மிச்சமில்லை.
சலவைக் கடையில் இயந்திரம் சுற்றச் சுற்ற
நிபால்தோ பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தான்.
பதினோரு வருட ஷிப்டில் அவன் தூக்கம்
ஒன்றரை மணி, இரண்டு மணி என்று
சில்லறையாகிப் போயிருந்தது.
தகரக் கூரையில் மழை.
இயந்திரம் நின்றது. அவன் எழவில்லை.
எழுப்ப வந்த கடைக்காரி எதுவீனாவிடம்
உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.
அவள் ரேடியோவைத் தணித்தாள்,
கதவில் தொங்கிய பலகையைத் திருப்பிவிட்டாள்,
எங்கள் உள்ளாடைகள் உட்பட
எல்லாவற்றையும் மடித்து அடுக்கினாள்,
எதற்கும் தனியாகக் காசு கேட்கவில்லை.

நான்கு மணி பத்து நிமிடம்.

வீட்டுக்கு வந்து அதை அவனே எழுதினான்,
என் மஞ்சள் கட்டங்களுக்கு அப்பால்.
மொத்தம் மாறவில்லை.
கூட்டல் பத்தாவது கட்டத்தோடு நின்றுவிடுகிறது.
கணக்கு தப்பா என்றேன்.
சரிதான் என்றான், தாளை மூடாமல்.

ரெனாத்தோ இரண்டு வாரமாக
எங்களோடு பேசவில்லை.
அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நேற்று வால்திவியாவிலிருந்து வீட்டுக்காரர் அழைத்தார்.
குளிர்காலத்துக்கு எத்தனை கனமீட்டர் விறகு
சொல்லி வைக்கட்டும்?
நிபால்தோ போனைப் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்தான்.
பாலைவனத்தில் பிறந்தவள் நான்,
தீக்குச்சியைத் தாண்டி எதையும் கொளுத்தியதில்லை.
எட்டு என்றேன்,
எல்லாம் தெரிந்தவள் போல.